அண்ணன் வாங்கிய வண்டி

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள் நம் முன்னோர். இதன் பொருளை அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் ஒரு மோட்டார் சைக்கிள் மூலம் அறிந்தோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்!

எங்கள் அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைத்தது. இரண்டாம் ஷிப்டு முடியும் நேரத்தில் எங்கள் ஊருக்குப் பேருந்து இல்லை. அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த 60,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தார்கள். அண்ணனின் கனவோ யமஹா ஆர்15! ஜப்பானிய நிறுவனமான யமஹா 2008 ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகப்படுத்திய வண்டி அது. எஞ்சின் 150 சி.சி.க்குள் அடங்கினாலும், பந்தய வண்டி போல நீரால் குளிர்விக்கப்படுவது, ஆறு கியர்கள் கொண்டது என்று அண்ணன் எங்களுக்குப் பாடமே நடத்தினான். புதியது வாங்க வசதி ஏது? பழையதைத் தேடிப் புறப்பட்டோம்.

முதலில் பார்த்த சிவப்பு வண்டி பளபளத்தது. பட்டனைத் தொட்டதும் கிளம்பியது. அண்ணன் மயங்கிவிட்டான். உடன் வந்த மெக்கானிக் மாமா எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, "நாம் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும்" என்றார். நாங்கள் ஆர்.சி. புத்தகத்தைப் படித்தோம். அதில் வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருந்தது. "கடன் தீர்ந்ததற்கு வங்கி தந்த தடையில்லாச் சான்று எங்கே?" என்று கேட்டோம். "பணத்தைக் கொடுங்கள், பிறகு தருகிறேன்" என்றார் விற்பவர். அது இல்லாமல் பெயரை எப்படி மாற்றுவது? வேண்டாம் என்றோம். அண்ணன் வழியெல்லாம் எங்களோடு பேசவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை. எங்களுக்கும் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் வாரம் கிடைத்த நீல வண்டியில் கீறல்கள் உண்டு. ஆனால் குளிர்ந்த எஞ்சின் உடனே கிளம்பியது, புகையில்லை, முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவில்லை. ஒருத்தி டார்ச் அடித்துச் சேஸிஸ் எண்ணைப் படிக்க, மற்றவள் ஆர்.சி.யோடு ஒப்பிட்டாள். ஓர் எழுத்தும் தவறவில்லை. 29, 30 ஆம் படிவங்களில் கையெழுத்தாயிற்று. மீதிப் பணத்தில் அப்பா தலைக்கவசம் வாங்கினார்கள்.

வீடு திரும்பியதும் அண்ணன் மெல்லச் சொன்னான்: "அன்று நீங்கள் தடுக்காவிட்டால் அம்மாவின் பணம் போயிருக்கும்." அந்த ஒரு சொல் எங்களுக்குப் போதும்!

இப்போது நள்ளிரவில் தெருமுனையில் அந்த வண்டியின் ஒலி கேட்ட பிறகே அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கிறார்கள். நாங்களும் அதன் பிறகுதான் உறங்குகிறோம்.