'போஸ்டர்ல போட்டோவைக் கலராக்கணுமா?' - வார்டு தேர்தலுக்குத் தயாராகும் 23 வயதுப் பெண்ணின் பதில்

ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று 23 வயதுப் பெண் வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும்? 'முதல்ல கல்யாணத்தை முடி' என்பது எல்லோரும் எதிர்பார்க்கிற பதில்தான். விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த இந்தப் பெண்ணுக்குக் கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. 'போஸ்டர் அடிக்கிறப்போ போட்டோவைக் கொஞ்சம் கலராக்கிப் போடச் சொல்லு' என்றார் சித்தப்பா. கிண்டலாகச் சொல்லவில்லை. அக்கறையோடுதான் சொன்னார்.

அந்த அக்கறைதான் அவளை யோசிக்க வைத்தது. தெருவிளக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நிறம் எதற்கு?

இ-சேவை மையத்தில் தெரிகிற ஊர்

அவள் பி.எஸ்சி. கணிதம். கல்லூரியின் கடைசி வருடத்தில், 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டத்தின் 1,000 ரூபாய் மாதாமாதம் அவள் கணக்கிலும் விழுந்தது. இப்போது டவுனில் ஓர் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை... காலை முதல் சாயங்காலம் வரை 'ஸ்டேட்டஸ் என்னனு பாரும்மா' என்ற குரல்தான்.

அங்கே உட்கார்ந்து அவள் கவனித்த ஒன்று உண்டு. வருகிறவர்களுக்கு முதலமைச்சர் பெயர் தெரியும், எம்.எல்.ஏ பெயர் தெரியும், நடிகர் எந்தக் கட்சி ஆரம்பித்தார் என்பது தெரியும். 'உங்க வார்டு மெம்பர் யாரு?' என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். மீதிப் பேர் சொல்வது உறுப்பினரின் கணவர் பெயரை.

'டீக்கடையில அமெரிக்காக்காரன் வரி போட்டதப் பத்தி அரை மணி நேரம் பேசுறாங்க. நம்ம வீட்டு வரி எங்க போகுதுன்னு ஒரு நிமிஷம் பேச ஆளில்ல' என்பது அவள் வீட்டில் அடிக்கடி சொல்கிற வாசகம்.

பாட்டிக்கே அடையாளம் தெரியாத அம்மா

அரசியல் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்கு 50 சதவிகித ஒதுக்கீடு வழங்கும் சட்டத்திருத்தம் 2016-ல் வந்தது. அதன்படி 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். அவர்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தெருவில் நாலு பேருக்குத் தெரிந்தவர் அப்பா. நிற்க முடியாததால், அம்மா நின்றார். அவளுக்கு அப்போது 17 வயது. ஓட்டு இல்லை.

வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் ஆளின் முகம்தான் முக்கியம் என்று பெரிதாகப் போஸ்டர் அடித்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் பத்து வருடம் வேலை பார்த்து, வெயிலில் நடந்து கறுத்த அம்மாவின் முகத்தை, பிரஸ்காரர் ரோஜாப்பூ நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் அதே அளவில் அப்பா படம். அவரை யாரும் வெளுக்கவில்லை. சுவரில் ஒட்டியதைப் பார்த்து, அப்பத்தா கேட்டது: 'உம் புருஷன் பக்கத்துல நிக்கிறவ யாருடி?'

வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். ஜெயிக்கவும் செய்தார்.

ஐந்து வருடங்களில் கூட்டத்துக்குப் போனது அம்மா, பேசியது பெரும்பாலும் அப்பா. ஒரே ஒரு முறை அம்மாவே எழுந்து பேசியிருக்கிறார். 2022-ல், தெருக்கோடியில் இருக்கும் மகளிர் சுகாதார வளாகத்தின் மோட்டார் பழுதாகி, தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடந்தபோது. 'ஆம்பளைகளுக்கு அது தெரியாதுல்ல... அதான் பேசிட்டேன்' என்று பிறகு வீட்டில் சொன்னார். மோட்டார் சரியானது. அந்தத் தீர்மானத்தின் ஜெராக்ஸை இன்றைக்கும் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

கேட்க ஆளில்லாத காலம்

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்த 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்தது. புதிய தேர்தல் நடக்கவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயின. தனி அலுவலர் தப்பானவர் என்று அவள் சொல்லவில்லை. 'அவர் ஒருத்தர், ஊர் பல. நம்ம தெருவுல குழாய் வரலைன்னா அவருக்கு எப்படித் தெரியும்? மெம்பருன்னா வாசல்ல போய் நின்னு கேக்கலாம்' என்கிறாள்.

பிப்ரவரியில் அதே மோட்டார் மறுபடியும் எரிந்தது. வளாகம் பூட்டப்பட்டது. வீட்டில் கழிப்பறை இல்லாதவர்களும், இருந்தும் தண்ணீர் இல்லாதவர்களும் பழையபடி சீமைக்கருவேலக் காட்டுப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். விடிவதற்கு முன்னால் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை. இடையில் வயிற்றைக் கட்டுப்படுத்திக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸில் வேலை.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள்கள் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சில சமயம் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஓட்டர் லிஸ்ட்டில் பெயர் இருக்கிற யாரும் போகலாம், கேட்கலாம். ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைத்தாக வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 அன்று அவள் போனாள். கூட்டத்தில் பெண்கள் நிறைய இருந்தார்கள். 100 நாள் வேலைக்கு வருகிறவர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை வாசித்து முடித்ததும் அவள் எழுந்து, மோட்டாருக்கு எவ்வளவு செலவாகும், ஏன் ஆறு மாதமாக ஆகவில்லை என்று கேட்டாள். எஸ்டிமேட் போட்டு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. 'எந்தத் தேதியில அனுப்புனீங்க சார்?' என்று அடுத்த கேள்வி.

செயலர் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது: 'யாரு மகப்பா அந்தக் கறுத்த பிள்ள?'

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால், அன்று ராத்திரி அதுதான் மனசில் ஓடியது. கேள்வி கேட்ட பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். மெம்பரம்மா மகள் என்று சொல்லியிருக்கலாம். அவர் கண்ணில் பட்டது நிறம்தான்.

செப்டம்பர் கடைசியில் மோட்டார் வந்து சேர்ந்தது. தண்ணீர் இப்போது வாரத்தில் நான்கு நாள் வருகிறது. மீதி மூன்று நாளுக்கு இன்னும் பதில் இல்லை. 'நீயே நில்லு பிள்ள' என்று தீப்பெட்டி ஆபீஸ் அக்காக்கள் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பெயர் மாறியது, க்ரீம் மாறவில்லை

நிறத்தைப் பற்றி அவளுக்கு இருக்கிற கோபம் கொள்கையாக ஆரம்பித்ததல்ல. அத்தை மகளிடமிருந்து ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, 'ஒரே மாசத்தில் கலராகலாம்' என்று யாரோ சொன்ன ஒரு களிம்பை அந்த மதினி வாங்கித் தடவினார். டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கல்யாணத்துக்குப் பிறகு நிறுத்தியதும் முகமெல்லாம் சிவந்து, பரு வெடித்து, வெயிலில் நின்றால் எரிச்சல். தோல் டாக்டர் சொன்ன பிறகுதான் அதில் இருந்தது ஸ்டீராய்டு என்று தெரிந்தது. அது தோலை மெலிதாக்கும். பழகிய முகம், நிறுத்தினால் முரண்டு பிடிக்கும். 2018-லேயே இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கொண்டுவந்துவிட்டது. மதினிக்கும் தெரியாது, வாங்கிக் கொடுத்தவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் செல்போனில் இது பற்றி வரும் செய்தி எதையும் விடுவதில்லை. கேரளாவின் மலப்புரம் பகுதியில், லேபிளே சரியாக இல்லாத வெளுப்பு க்ரீம்களைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை 2023-ல் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம், பாதரசம். தோலில் கறுப்பு நிறமி உருவாவதை அது தடுக்கும். தோல் வழியே ரத்தத்துக்குள் போய் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-ல் உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்தபோது 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. அதே நேரத்தில் ஷாதி.காம் இணையதளம், தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எடுத்தது. 'வெப்சைட்ல எடுத்துட்டாங்க. தரகர் வாயில இருந்து யாரு எடுக்குறது?' என்று கேட்கிறாள். ஜாதகத்தோடு அனுப்ப எடுத்த போட்டோவை ஸ்டூடியோவில் கேட்காமலே இரண்டு ஷேடு வெளுத்துக் கொடுத்தபோது, திரும்ப எடுக்கச் சொல்லி ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தவள் அவள். உள்ளபடி இருக்கும் போட்டோவைத்தான் அனுப்பினார்கள். ஒரு வீட்டிலிருந்து பதில் வரவில்லை. இன்னொரு வீட்டில் பொருத்தம் இல்லை என்றார்கள். அம்மா அழுதார். அது அவளுக்கும் வலித்தது.

தலைமைச் செயலாளருக்குமா?

2025 மார்ச்சில் வந்த ஒரு செய்தியை அவள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அப்போது கேரளாவின் தலைமைச் செயலாளராக இருந்தவர் சாரதா முரளீதரன் ஐ.ஏ.எஸ். அவருக்கு முன்னால் அதே பதவியில் இருந்தவர் அவர் கணவர் வி.வேணு. கணவரின் நிர்வாகம் எவ்வளவு வெள்ளையோ, இவருடைய நிர்வாகம் அவ்வளவு கறுப்பு என்று ஒருவர் சொன்ன பேச்சைப் பற்றி, சாரதா ஃபேஸ்புக்கில் எழுதினார். நாலு வயதில், தன்னை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தர முடியுமா என்று தன் அம்மாவிடம் கேட்டதையும் அதில் எழுதியிருந்தார். கறுப்பு அழகு என்பதைத் தனக்குப் புரியவைத்தவர்கள் தன் பிள்ளைகள் என்றும்.

'அம்மாம் பெரிய அதிகாரிக்குமா?' என்று கேட்ட அம்மா, கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, 'நானும் போஸ்டரப் பாத்தப்போ சிரிச்சேன்ல... மனசுக்குள்ள நல்லாதான் இருந்துச்சு, நம்ம இப்படி இருந்தா எப்படி இருந்திருக்கும்னு' என்றார். ஆறு வருடம் கழித்து வந்த பேச்சு.

அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு, சித்தப்பா மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் பொறுமையாகச் சொன்னாள்: 'போஸ்டர்ல வேற மூஞ்சி இருந்தா, ஓட்டுக் கேட்டுப் போற வீட்டுலயே என்னைய யாருன்னு கேப்பாங்க சித்தப்பா. நாளைக்கு மோட்டார் ஓடலைன்னா தெருவுல என்னையப் பிடிச்சு நிறுத்தணும்ல? அதுக்கு இந்த மூஞ்சிதான் தெரியணும்.'

சித்தப்பாவிடம் அதற்குப் பதில் இல்லை. 'சரி, நல்ல வெளிச்சத்துல நின்னாவது எடு' என்றார். அதற்கு ஒப்புக்கொண்டாள்.

இன்னொரு படம் வேண்டாம்

சிக்கல் அதோடு முடியவில்லை. போஸ்டரில் அப்பா படமும் வேண்டாம் என்றாள். 28 வயதில் 2022-ல் சென்னை மேயரான பிரியாவைச் சொல்லி, இவ்வளவு பெரிய ஊருக்கே அவ்வளவு சின்ன வயதில் ஒருவர் மேயராக முடிகிறபோது, 300 ஓட்டு உள்ள வார்டில் பக்கத்தில் துணை எதற்கு என்று கேட்டாள். 'அப்போ நான் அஞ்சு வருஷம் அலைஞ்சது ஒண்ணுமில்லையா?' என்று அப்பா கேட்டார். அலைந்தது உண்மை. அதை அவள் மறுக்கவில்லை. 'அலைங்க. ஆனா கூட்டத்துல நான்தான் பேசுவேன்' என்றாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

தேர்தல் தேதி தெரியாது. அடுத்த முறை வார்டு யாருக்கு ஒதுக்கப்படும் என்பதும் தெரியாது. பொது வார்டாக மாறினாலும் பெண் நிற்கலாம் என்பதைத் தெருவில் பலருக்கு அவள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு வரன் முடிந்து, வெளியூர் போக வேண்டி வந்தால்? 'உள்ளூர் மாப்பிள்ளையாப் பாருங்க' என்று சொல்லிவிட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாலும், தரகரிடம் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை அப்பா பழைய வீட்டு வரி ரசீதுகளைத் தேடி எடுத்தார். ஊராட்சிக்கு வரிப் பாக்கி இருந்தால் வேட்புமனு தள்ளுபடி ஆகலாம் என்பது, முன்பு அம்மாவுக்காக அலைந்த அனுபவத்தில் அவருக்குத் தெரியும். ஒரு வருட பாக்கி இருந்தது. ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வந்து, ரசீதை அவளிடம் கொடுத்தார். அவள் அதை அம்மாவின் ஜெராக்ஸோடு சேர்த்து வைத்தாள்.