எர்னேயில் ஒரு நாள்

மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயமான மோட்டோகிராஸ் என்றாலே எனக்கு ஸ்டெஃபான் எவர்ட்ஸ்தான். பெல்ஜியக்காரர். அப்பா ஹாரி நான்கு முறை உலக சாம்பியன். மகன் பத்து முறை! 101 கிராண்ட் பிரிக்ஸ் வெற்றிகள். 2003இல் பிரான்சின் எர்னேயில் மூன்று பிரிவுப் பந்தயங்களையும் ஒரே நாளில் ஜெயித்தார். ஒரு பந்தயம் ஓட்டி முடித்தாலே முன்கை இறுகி, விரல் மடங்காமல் போகும் விளையாட்டு இது. நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

அவர் ஓட்டும் அழகைப் பாருங்கள். பெரும்பாலும் சீட்டில் உட்கார மாட்டார். ஃபுட்ரெஸ்ட்டில் நின்றபடி, முழங்காலால் பைக்கை இறுக்கிப் பிடித்து, மேடு பள்ளத்தின் அடியையெல்லாம் காலிலேயே வாங்கிக்கொள்வார். முட்டி மோதிப் பாய்கிறவர்களைவிட இந்த நிதானம்தான் எனக்கு உசத்தி.

2006இல் 15 கிராண்ட் பிரிக்ஸ் சுற்றுகளில் 14ஐ வென்று, பத்தாவது பட்டத்தோடு ஓய்வு பெற்றார். இன்னும் இரண்டு வருஷம் ஓட்டியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.