எழுத்தின் உடம்பு

மாசி மகத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் தேர்த் திருவிழாவுக்காக வாழ்த்துப் பதாகை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ‘மாத்தளை’ என்று பெரிதாக எழுத வேண்டும், அந்த எழுத்துகளுக்குள்ளேயே கோவிலின் ஐந்து தேரும் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். படம் எழுத்துக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும், எங்கள் கடையில் வேலை பழகும் தம்பி கேட்டான்:

“அண்ணே, எழுத்துக்குள்ள படம் வைக்கிறத மொதல்ல யாரு செஞ்சிருப்பாங்க?”

“போட்டோஷொப் செஞ்சவங்கதான்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனது ஒப்பவில்லை. தினமும் கையால் செய்கிற ஒரு வேலையின் பிறப்பிடம் தெரியாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேனே என்று உறுத்தியது. அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

அந்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டோஷொப்பில் எழுத்து ஓர் அடுக்கு, தேரின் படம் இன்னோர் அடுக்கு. படம் மேலே, எழுத்து கீழே. ‘ஆல்ட்’ விசையை அழுத்திக்கொண்டு இரண்டு அடுக்குக்கும் நடுவிலுள்ள கோட்டில் ஒரு தட்டு தட்டினால், எழுத்துக்கு வெளியே இருக்கும் படமெல்லாம் மறைந்துவிடும். பார்ப்பவருக்குப் படம் எழுத்துக்குள் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது எழுத்தின் மேலேதான் கிடக்கிறது. எவ்வளவு தெரியலாம் என்பதைக் கீழே இருக்கும் எழுத்து தீர்மானிக்கிறது. கோரல் ட்ரோவில் இதற்குப் பெயர் ‘பவர்கிளிப்’. அங்கே படத்தை வாங்கிக்கொள்ளும் வடிவத்தை ‘கண்டெய்னர்’ என்பார்கள். எழுத்து ஒரு பாத்திரம் என்று மென்பொருளே சொல்கிறது.

எங்கள் பக்கத்து வடிவமைப்பாளர்களில் பலரைப்போல நானும் பாமினி எழுத்துருவில் விரல் பழகியவன். ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் ‘தமிழ்’ வரும். ‘மாத்தளை’க்கு ஏழு தட்டு: ம, கால், த, புள்ளி, த, ஐகாரக் கொம்பு, ள. கால் ஒல்லி, புள்ளி சிறிசு. இரண்டையும் விட்டால் ஐந்து உருவம். ஐந்து தேருக்கு ஐந்து உருவம் கிடைத்துவிட்டது என்று அன்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தேடலில் முதலில் கிடைத்தவை அண்மைக் காலத்துச் செய்திகள். தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷொப்பின் முதல் பதிப்பு 1990இல் வந்தது. நான் நம்பியிருக்கும் அடுக்குகள் 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தன. கோரல் ட்ரோ அதற்கும் மூத்தது, 1989. ஆனால் இரண்டுக்கும் முன்பே இந்த வித்தை வேறொரு வடிவத்தில் இருந்திருக்கிறது.

ஜோன் வார்னொக், சார்ள்ஸ் கெஷ்கி இருவரும் 1982இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் பெரும்படைப்பு போஸ்ட்ஸ்கிரிப்ட். அச்சிடும் இயந்திரத்துக்குப் பக்கத்தை விவரித்துச் சொல்லும் கணினி மொழி அது. 1985இல் வந்த அப்பிள் லேசர்ரைட்டர் இந்த மொழியை விளங்கிக்கொண்டு அச்சடித்தது. அந்த மொழியில் ‘சார்பாத்’ என்றொரு கட்டளை உண்டு. எழுத்தின் விளிம்பை ஒரு கோடாக எடுத்துக் கொடுக்கும். அடுத்த கட்டளை ‘கிளிப்’. இனி எதை வரைந்தாலும் இந்தக் கோட்டுக்குள் விழுவது மட்டும் நிற்கட்டும் என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு படத்தைத் தாள் முழுக்கக் கொட்டினாலும் எழுத்துக்கு வெளியே ஒரு பொட்டு மை விழாது. நான் ஒரு தட்டில் செய்கிற வேலை அங்கே இரண்டு சொல்லில் முடிந்திருந்தது.

கணினி இல்லாத காலத்திலும் ஊர்ப்பெயருக்குள் ஊரின் படத்தை வைத்திருக்கிறார்கள். ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கர்ட் டைக் என்பவர் 1898இல் சிக்காகோவில் அச்சு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1930களிலும் 40களிலும் அந்த நிறுவனம் அச்சிட்ட தபாலட்டைகள் பெரும்புகழ் பெற்றவை. ஊரின் பெயர் தடித்த எழுத்துகளில் அட்டை முழுக்க நிற்கும். ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் அந்த ஊரின் பாலமோ ஆறோ கட்டடமோ தெரியும். எங்கள் பதாகைக்குத் தாத்தா முறை வேண்டும் அந்த அட்டைகள்.

இன்னும் பின்னால் போனால் இங்கிலாந்தின் மடங்களுக்குப் போய்ச் சேர்கிறோம். பீட் என்ற துறவி 731இல் முடித்த வரலாற்று நூலின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று இன்று சென். பீட்டர்ஸ்பேர்க் நகரில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பிரதி அது. அதில் ஒரு பகுதியைத் தொடங்கும் ‘எச்’ எழுத்தின் வளைவுக்குள் தலையைச் சுற்றி ஒளிவட்டத்துடன் ஒரு மனிதர். முதலெழுத்துக்குள் உருவம் வரைந்ததில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று இதுவே என்கிறார்கள்.

இங்கே ஒரு வேறுபாடு எனக்குப் பட்டது. அந்த ‘எச்’சில் உருவம் எழுத்தின் வயிற்றில், அதாவது வெற்றிடத்தில், இருக்கிறது. நம் வீட்டு நாட்காட்டியில் ஓம் எழுத்தின் வளைவுக்குள் பிள்ளையார் அமர்ந்திருப்பதும் இப்படித்தான். எழுத்து அங்கே மண்டபம், தெய்வம் உள்ளே வீற்றிருக்கிறது. தபாலட்டையிலும் எங்கள் பதாகையிலும் நடப்பது வேறு. கோட்டின் தடிப்பே படமாகிறது. எழுத்தின் உடம்பே படம். தம்பி கேட்ட கேள்வி இந்த உடம்பைப் பற்றியது.

தமிழில் இதற்கு மூதாதை உண்டா என்று பார்த்தேன். சித்திரகவி கண்ணில் பட்டது. தண்டியலங்காரம் அதற்கு இலக்கணமே சொல்கிறது. சக்கர பந்தம், நாக பந்தம் என்று பாட்டின் எழுத்துகளை ஓர் உருவத்தின் அறைகளில் நிரப்புவார்கள். ஒன்றிலிருந்து ஏழுவரை எண்கள் ஏறியும் இறங்கியும் வரும் எழுகூற்றிருக்கையைத் தேர் வடிவில் எழுதும் மரபும் நமக்கு உண்டு. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே அந்த வகையில் பாடியிருக்கிறார். தேருக்குள் எழுத்தை வைத்த பரம்பரையில் வந்தவர்கள், எழுத்துக்குள் தேரை வைக்கச் சொல்லி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள்! அது தெரிந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

சொல்லையும் நினைத்துப் பார்த்தேன். சங்கத் தமிழில் ‘எழுது’ என்றால் ஓவியம் தீட்டுவதும்தான். கண்ணுக்கு மை ‘எழுதுகிறோம்’ என்று இன்றும் சொல்கிறோம். ஆதியில் படமும் எழுத்தும் ஒரே கையின் ஒரே செயல். பிரித்தது பிற்காலம்.

ஆனாலும் எழுத்தின் உடம்புக்கு விடை கிடைக்கவில்லை. அது கிடைத்தது வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்தில். மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம். 1848 கிளர்ச்சியின்போது பிரித்தானியப் படையால் அங்கிருந்த ஏட்டுச் சுவடிகள் அழிக்கப்பட்டன. இன்றும் அங்கே ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள்.

எழுதிக் காட்டும் பெரியவரிடம், “மாமா, எனக்கும் ஒன்று எழுதித் தாங்க” என்று சிங்களத்தில் கேட்டேன். பெயரைக் கேட்டுக்கொண்டார். பதமாக்கிய தாளிப்பனை ஓலை நறுக்கை இடது கையில் பிடித்து, எழுத்தாணியைப் பெருவிரல் நகத்தோடு அணைத்துக் கீறினார். எழுத்தாணி ஓடியதைவிட ஓலை நகர்ந்ததுதான் அதிகம். முடித்ததும் ஓலையை நீட்டினார். ஒன்றும் தெரியவில்லை! வெளிறிய ஓலையில் வெளிறிய கீறல்.

பிறகு அதை வாங்கி, கரியும் எண்ணெயும் கலந்த மையை ஓலை முழுக்க அப்பினார். என் பெயர் இருந்த இடமும் இல்லாத இடமும் ஒரே கறுப்பு. ஒரு துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார். ஓலை மறுபடி வெளுத்தது. கீறலுக்குள் இறங்கிய மை மட்டும் வெளியே வரவில்லை. என் பெயர் கருகருவென்று எழுந்து நின்றது.

என் கை தானாக ‘ஆல்ட்’ விசையைத் தேடியது. முழுவதும் கொட்டு, எழுத்து பிடித்து வைப்பது மட்டும் நிற்கட்டும். போஸ்ட்ஸ்கிரிப்டின் ‘கிளிப்’ செய்வது இதையேதான். நம்மவர்கள் இந்த மை பூசுதலை ‘மையாடல்’ என்றார்கள். புதுச் சுவடிக்கு மையாடிப் பிள்ளைக்குப் படிப்பைத் தொடங்கி வைத்தார்கள். இந்த வித்தை அலுவிகாரையில்தான் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஓலையில் கீறிய ஊரெல்லாம் இதைச் செய்திருக்கிறது. எழுத்தைப் பாத்திரமாக நினைக்கும் எண்ணம் கணினிக்கு மிகவும் மூத்தது என்பதை என் ஊரில் என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அதே அலுவிகாரையில் ஏனா டி சில்வா (1922–2015) வளர்த்த ‘பத்திக்’ என்ற துணிச் சாயக் கைப்பணி நிலையமும் உண்டு. அங்கே மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாது, பூசாத இடத்தில் ஏறும். ஓலை மையைப் பிடித்துக்கொள்கிறது, மெழுகு சாயத்தைத் தள்ளுகிறது. மென்பொருளில் நாம் போடும் மறைப்பும் அதன் தலைகீழும் ஒரே கிராமத்தில் கைத்தொழிலாக இருக்கின்றன.

திரும்பி வந்து பதாகையைத் திறந்தேன். ‘ம’வுக்குள் திணித்திருந்த தேருக்குச் சக்கரமும் இல்லை, உச்சியும் இல்லை. ‘த’வுக்குள் இருந்தது தேரா தோரணமா என்றே சொல்ல முடியவில்லை. ஐந்து உருவம், ஐந்து தேர் என்று கணக்குப் பார்த்தேனே தவிர எழுத்தைக் கேட்கவில்லை. பெரியவர் முதலில் ஆழக் கீறினார், மை பிறகுதான் வந்தது. நானோ மையை முதலில் கொட்டியிருந்தேன்.

எழுத்துருவை மாற்றி, கோடுகளை இன்னும் தடிப்பாக்கினேன். முழுத் தேர்களை எடுத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தும் எதைத் தாங்கும் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். ‘ள’வின் சுழிக்குள் ஒரு தேர்ச்சக்கரம் சரியாகச் சுழன்றது. ஐகாரக் கொம்பின் இரட்டைச் சுழியில் இன்னொன்று. ‘ம’வின் அடிக்கோட்டில் வடம் பிடிக்கும் கைகள் வரிசையாக நின்றன. நெடுக நிற்கும் காலில் கோவிலின் 108 அடி இராஜகோபுரம் ஏறியது. ஒல்லி என்று நான் ஒதுக்கிய கால்!

தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஓலை நறுக்கைக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்து, “உள்ளுக்குப் பள்ளமா இருக்குண்ணே” என்றான். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “புள்ளியை ஏன் சும்மா விட்டீங்க?”

ஓலை கிழிந்துவிடும் என்று சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே விட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன். “நமக்கு ஓலை கிழியாதே” என்றபடி மௌஸைக் கையில் வாங்கினான். தேர் உச்சியின் கலசத்தைத் தேடி எடுத்து, அளவைச் சுருக்கி, ‘த்’தின் தலையில் வைத்தான். அது ஒரு சொட்டுப் பொன்னாய் மின்னியது. பதாகையை அப்படியே அச்சுக்கு அனுப்பினோம்.