செனவாங்கில் ஒரு காலை

பகாவிலிருந்து கோலப்பிலா வழியாகப் புக்கிட் புத்துஸ் மலையைத் தாண்டினால் சிரம்பான். அதை ஒட்டியதே செனவாங் தொழிற்பேட்டை. பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன்.

காலை ஏழரைக்குத் தொழிற்சாலை பஸ் அவளை இறக்கிவிட்டது. பன்னிரண்டு மணி நேர இரவு வேலை. கண்கள் சிவந்திருந்தும், "வாங்க சார்" என்று தேநீர் கலக்கினாள்.

இங்கே ஆலைகளும் தொழிலை மாற்றிக்கொள்கின்றன. பக்கத்துத் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையில் தொலைக்காட்சிப் படக்குழாய் செய்த சாம்சுங் ஆலை, இன்று மின்கலம் செய்கிறது. இவளும் மூன்று இயந்திரங்கள் பழகிவிட்டாள்.

2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. தோட்டமானாலும் ஆலையானாலும் அதேதான். இங்கே வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். ஓவர்டைம் இல்லாமல் மாதம் ஓடாது. ஆனாலும் தவணையில் வீடு வாங்கியிருக்கிறாள். அப்பாவுக்குத் தோட்ட வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட வேண்டுமே!

"நீங்க சொன்னா அப்பா கேப்பாரு, சார்."

திரும்பியதும் சொன்னேன்.

"நாலாவது மாடியா? கோழிகளை எங்கே விடுறது, வாத்தியாரே?"

நான் வளர்க்கிறேன் என்றிருக்கிறேன். ஏழு கோழி, ஒரு சேவல். இன்னும் பதில் சொல்லவில்லை.