பற்றும் விடுகையும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் எஞ்சினுக்குப் புகழுண்டு, சக்கரங்களுக்கு வேலையுண்டு. இவ்விரண்டையும் வேண்டும்போது இணைத்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கின்ற கிளச்சையோ, அது பழுதாகும் நாள்வரை எவரும் நினைப்பதில்லை. அதனை நாம் நினைக்க நேர்ந்த வரலாற்றை, கார் வாங்கும் வயதை இனி எட்டப்போகும் மாணவத் தம்பியருக்கும், அவ்வயது கடந்தும் ஆசை கடவாத பழைய மாணவ நண்பருக்கும் இம்மலர் வாயிலாகக் கூற விழைகின்றோம்.

இங்கிலாந்திலே நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றபின், 1966ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட எம். ஜி. பி. ஸ்போட்ஸ் கார் ஒன்றை வாங்கினோம். 1962 முதல் 1980 வரை அபிங்டன் நகரிலே இவ்வகைக் கார்கள் 5 இலட்சத்துக்கு மேல் உருவாயின. இதனை நாம் விரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்து வீதிகளில் நாம் சிறுவராய்க் கண்ட ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரின் எஞ்சினும் இதன் எஞ்சினும் ஒரே குலத்தவை. கேம்பிறிட்ஜ் ஏ 55 காரினது 1,489 கன சென்ரிமீற்றர்; இதனது 1,798. குரலிலே செருக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

வாங்கிய மூன்றாம் கிழமை, வோலிங்போட் என்னும் சிற்றூரிலிருந்து றெடிங் நகருக்குத் திரும்பும் வழியில், கிளச் மிதி உயிரற்றுத் தரையோடு ஒட்டிக்கொண்டது. கியர் மாற்ற முயன்றால் பற்சக்கரங்கள் அலறின. ஆயினும் கிளச் இன்றியும் கார் நகரும். எஞ்சினை நிறுத்தி, முதலாம் கியரில் இட்டுச் சாவியைத் திருகினால், ஸ்ராட்டர் மோட்டாரே காரை இழுக்க, எஞ்சினும் உயிர்பெறும். பின்னர், எஞ்சினின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துவரும் கணமறிந்து மெல்லத் தள்ளினால் அடுத்த கியர் சண்டையின்றி ஏறும். சிவப்பு விளக்குத் தோறும் எஞ்சினை நிறுத்தி, மீண்டும் அவ்வாறே புறப்பட்டு, 15 மைலை ஒன்றரை மணி நேரத்திற் கடந்து வீடு சேர்ந்தோம்.

மறுநாள் அயலிலுள்ள கறாச் ஒன்றை விசாரித்தோம். எஞ்சினை வெளியே தூக்கிக் கிளச் முழுவதையும் மாற்றவேண்டும், 1,200 பவுண் ஆகும் என்றனர். இக்காரிலே கிளச் தட்டை அடைய எஞ்சினைக் கழற்றவே வேண்டும் என்பது மெய். ஆனால் காரைப் பாராமலே வழங்கப்பட்ட தீர்ப்பு இது. எமது மனைவியாரோ, வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்றார்.

அவ்வேளை எமக்கு நான்கு வகுப்பு மேலே படித்தவரும், இளமையிலே யாழ்ப்பாணத்துக் கறாச் ஒன்றிற் தொழில் பழகியவருமான அண்ணர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் நலம் விசாரிக்கவில்லை.

“தம்பி, பிடிக்குதில்லையோ, விடுகுதில்லையோ? முதல் அதைச் சொல்லும்” என்றார்.

முழு வைத்தியமும் இக்கேள்வியில் அடங்கியிருந்தது. எஞ்சின் இரைந்தும் கார் வேகங்கொள்ளாவிடிற் கிளச் பிடிக்கவில்லை, தட்டுத் தேய்ந்துவிட்டது, எஞ்சினைத் தூக்கத்தான் வேண்டும். மிதியை அழுத்தியும் கியர் விழாவிடிற் கிளச் விடவில்லை. குற்றம் பெரும்பாலும் வெளியிலே இருக்கும். மிதியை அழுத்தும்போது மேற்சிலிண்டரிலுள்ள ஒயில் குழாய்வழியே தள்ளப்பட்டு, கியர்ப்பெட்டியருகிலுள்ள கீழ்ச்சிலிண்டரின் தண்டை அசைக்கும். அத்தண்டே கிளச்சை விடுவிப்பது. எம்முடையது விடாத கிளச்.

சனிக்கிழமை அண்ணர் நேரில் வந்தார். மிதியின் மேற்புறத்தைத் தடவினார், விரல் நனைந்தது. காரின் கீழே படுத்து, எம்மை மிதியை அழுத்தச் சொன்னார். அரை அங்குலமாவது அசையவேண்டிய தண்டு அசையவேயில்லை. கீழ்ச்சிலிண்டரின் றப்பர் உறையை விலக்கியதும் கறுத்த ஒயில் வடிந்தது. இவ்வொயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஆண்டுக்கணக்காய் ஓடாது நின்ற காரில் அவ்வீரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழி செய்யும். அக்குழி றப்பர் வளையத்தைக் கிழிக்கும்.

இத்துடன் வேலை முடிந்ததென நாம் மகிழ்ந்திருக்க, அவர் பக்கத்திலிருந்த பிறேக் சிலிண்டரை நோக்கினார். “இதுவும் அந்த வயசுதானே. கிளச் போனாலும் வீடு வந்து சேரலாம். பிறேக் போனால் ஆர் வாறது?” என்றார். இந்த ஆண்டுக் காரின் நான்கு சக்கரங்களுக்கும் பிறேக் குழாய்வழி ஒன்றே. அதில் ஓரிடம் உடைந்தால் மிதி முழுதும் பயனற்றுப் போம். கழற்றிப் பார்த்தபோது அதன் றப்பர் வளையமும் விளிம்பிலே வெடித்திருந்தது. கிளச் முந்திக்கொண்டு எம்மை எச்சரித்தது என்றே கருதுகின்றோம்.

கீழ்ச்சிலிண்டர் புதிது, மற்றிரண்டுக்கும் புதிய வளையங்கள், புதிய ஒயில். எல்லாமாகச் செலவு 150 பவுணை எட்டவில்லை. குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்ற மிதியை அழுத்துவார் ஒருவர் வேண்டியிருந்தது. விற்கச் சொன்ன மனைவியாரே ஆசனத்தில் அமர்ந்தார். “தங்கச்சி, அமத்துங்கோ… இனி விடுங்கோ” என்று கீழிருந்து குரல் வந்தபடியிருக்க, மாலைக்குள் மிதி உறுதி பெற்றது.

1990களிற் பொருளாதாரத் தடை நிலவியபோது, யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் சிறிது பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே ஓடின. புதிய உறுப்பு வாங்க வழியற்ற அவ்வூரில், கழற்றுமுன் கேட்டறிவதே தொழிலின் முதற்பாடம். பழைய கார் வாங்கும் தம்பியர், வண்ணத்தைப் பார்க்குமுன் ஒயிலின் நிறத்தைப் பாருங்கள்; ஈராண்டுக்கொருமுறை அதனை மாற்றுங்கள். பழுது நேர்ந்தால், பிடிக்கவில்லையா விடவில்லையா என்று முதலிற் கேளுங்கள். பற்றவேண்டிய நேரத்திற் பற்றி, விடவேண்டிய நேரத்தில் விடுவதே கிளச்சின் தருமம். அது மனிதருக்கும் ஆகாததன்று.