ஃபரோ தீவுகளும் ஒரு பிரியாணிக் கடனும்

ஹாஸ்டலில் என்னோடு இருந்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான், கடைசிப் பாதியைத் தவிர. ஃபுட்பால் மேனேஜர் 2024-ல் நான் ஃபரோ தீவுகளை யூரோ அரையிறுதிக்குக் கொண்டுபோனேன். 2040 யூரோ. அதுவும் காலிறுதியில் டென்மார்க்கைத் தோற்கடித்து! (ஃபரோ தீவுகள் டென்மார்க் ராணியின்... மன்னிக்கவும், 2024-லிருந்து ராஜாவின் ஆட்சிக்குள் இருக்கும் தன்னாட்சிப் பகுதி. அதனால் அந்த வெற்றிக்கு ருசி அதிகம்.)

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. மேனேஜர் வேலை மட்டும்தான். ஆள் எடுக்கணும், சம்பளம் பேசணும், யாரை வெளியே உட்காரவைப்பது என்று முடிவு செய்யணும். பால், ஆலிவர் காலியர் என்ற இரண்டு இங்கிலாந்து சகோதரர்கள் செய்த சாம்பியன்ஷிப் மேனேஜர் 1992-ல் வந்தது, அதன் வாரிசுதான் இது. தூரத்திலிருந்து பார்த்தால் எக்ஸெல் ஷீட் மாதிரி இருக்கும். லீவில் வீட்டுக்குப் போனபோது அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட கணக்கு போடுறான்" என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசியது தனிக்கதை :-)

ஏன் ஃபரோ? சுமார் 54 ஆயிரம் பேர் வாழும் பதினெட்டு தீவுகள். 1990 செப்டம்பர் 12-ல் அவர்களுடைய முதல் யூரோ தகுதி ஆட்டம். ஊரில் புல் மைதானம் இல்லாததால் ஸ்வீடனில் லாண்ட்ஸ்க்ரோனா என்ற ஊரில் போய் ஆடினார்கள். எதிரணி ஆஸ்திரியா, அந்த வருடம்தான் உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்திருந்தது. ஃபரோ 1-0. டார்கில் நீல்சன் கோல். கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் க்னுட்சன் உச்சியில் பந்து வைத்த கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு நின்றார். அந்தக் குல்லாவைப் பார்த்த நாளிலேயே நான் விழுந்துவிட்டேன்.

ஃபரோ லீக் ஆட்டத்தோடு வராது. ரசிகர்கள் செய்து வைத்த கோப்பை இறக்கிப் போட வேண்டும். (கோப்பு இல்லாமல் கோப்பை இல்லை. சரி, அடிக்க வராதீர்கள்.) க்ளாக்ஸ்விக் கிளப்பை எடுத்தேன், கூடவே தேசிய அணியையும். 2023-ல் நிஜத்திலேயே அந்த கிளப் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஸை அவர்கள் மைதானத்தில் 3-0 என்று அடித்திருக்கிறது.

குட்டி நாடு எப்படி ஜாம்பவான் ஆகிறது? ஐரோப்பியப் போட்டிகளில் இரண்டு சுற்று தாண்டினால் வரும் பணம் ஃபரோ கிளப்புக்குப் புதையல். அதை அப்படியே இளைஞர் பயிற்சியில் கொட்டினேன். வருடத்துக்கு ஒரு நாள் புதுப் பையன்கள் வருவார்கள். ஆட்டமே உருவாக்கும் பையன்கள். ஒவ்வொருவனுக்குள்ளும் இரண்டு எண்கள் ஒளிந்திருக்கும்: இப்போதைய திறமை, எட்டக்கூடிய திறமை. உச்சம் 200. பெரிய நாட்டில் நல்ல எண்ணோடு நிறையப் பேர் பிறப்பார்கள். குட்டி நாட்டில் அதிர்ஷ்டம் வேண்டும், ஆனால் நாலைந்து பேர் அடுத்தடுத்து வந்துவிட்டால் அதே பதினொரு பேர் பத்து வருடம் சேர்ந்து ஆடுவார்கள். 2029-ல் எனக்குப் பதினாறு வயது கீப்பர் ஒருவன் வந்தான். ஹாஸ்டலே அவனை 'குல்லா' என்று கூப்பிட்டது.

இனி தெரியாத பாதி.

2036 யூரோவுக்கான பிளே-ஆஃப், ஸ்காட்லாந்துடன். "இவங்க தகுதி பெற்றால் எல்லாருக்கும் மட்டன் பிரியாணி" என்று ரூம்மேட் பந்தயம் கட்டிவிட்டு நூலகம் போய்விட்டான். பெனால்டியில் தோற்றேன். குல்லா இரண்டைப் பிடித்தான், எங்கள் ஆட்கள் மூன்றை வெளியே அடித்தார்கள். ஆட்டத்துக்கு முன்பு சேமித்த கோப்பைத் திறந்தேன். மறுபடி தோல்வி. மூன்றாவது தடவை 1-0. அவன் கதவைத் திறந்தபோது நான் கட்டில்மேல் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசி. ஜூனியரிடம் கடன் வாங்கித்தான் அவன் நாலு பிரியாணி வாங்கினான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் லெக் பீஸ் இல்லையே என்று கிண்டல் செய்தேன், மட்டன் பிரியாணியில்.

தகுதி பெற்றதால்தான் பையன்கள் பெரிய கிளப்புகளுக்குப் போனார்கள், அதனால்தான் 2040-ல் டென்மார்க். எல்லாம் அந்த மூன்றாவது தடவையின்மேல் கட்டியது. 2025 அக்டோபரில் டோர்ஷாவனில் நிஜ ஃபரோ செக் அணியை 2-1 என்று வென்றபோது அவன்தான் முதலில் மெசேஜ் அனுப்பினான்: "மச்சி, உன் ஆளுங்க!" எனக்குப் பதில் அனுப்பக் கை வரவில்லை.

பழைய கோப்பு பென் டிரைவில் இருந்தது. போன வாரம் அதைத் திறந்து, ஒரே ஒரு தடவை ஆடினேன். 0-2. சேமித்துவிட்டேன். இப்போது உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஓடுகிறது. நேற்று ஜிப்ரால்டரோடு கோலில்லாமல் சமன். குல்லாவுக்கு முழங்காலில் அடி.

ரூம்மேட்டுக்குப் பிரியாணிக் காசை அனுப்பினேன். "எதுக்குடா?" என்று கேட்டிருக்கிறான். இதைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.