அந்தக் காப்பி விளம்பரத்தைக் குழுவில் போட்டது நான்தான்

ஓம் சரவணபவ.

நம்ம கோயில் புலனக் குழுவில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதணும். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

மாசி மாசம் எனக்கு ஒரு விளம்பரம் வந்துச்சு. உடம்பு இளைக்கிற காப்பி. 14 நாளில் 7 கிலோ குறையும், 100% மூலிகை, பக்கவிளைவு இல்லை, 'கே.கே.எம். லுலுஸ்' என்று போட்டிருந்தது. ஒரு பெட்டி 89 வெள்ளி. நான் குடிச்சதும் இல்லை, விசாரிச்சதும் இல்லை. "நம்ம சகோதரிகளுக்குப் பயன்படும்" என்று எழுதி குழுவில் தட்டி விட்டேன்.

மடப்பள்ளியில் அன்னதானம் சமைக்கிற அக்கா ஒருத்தர் அதைப் பார்த்து ரெண்டு பெட்டி வாங்கியிருக்காங்க. பசியே எடுக்கலையாம். 4 கிலோ குறைஞ்சதுன்னு சந்தோஷமா இருந்தாங்க. ஆனா ராத்திரி தூக்கம் இல்லை, வாய் காய்ஞ்சு போச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுது. விரதத்தால இருக்கும்னு விட்டுட்டாங்க.

பங்குனி உத்திரத்தன்று காலையில சாம்பார் அண்டா பக்கத்துல அப்படியே சரிஞ்சுட்டாங்க. ஒரு அடி இந்தப் பக்கம் விழுந்திருந்தா கொதிக்கிற சாம்பார். இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.

என் காடியிலதான் கிளினிக்குக்குக் கொண்டு போனேன். பிரஷர் 178. புதுசா என்ன சாப்பிடுறீங்கன்னு டாக்டர் கேட்டார். அக்கா என்னைப் பார்த்துட்டு, "தம்பி கோயில் குரூப்புல போட்ட காப்பிதான் டாக்டர். கோயில்ல வந்ததுன்னு நம்பிக் குடிச்சேன்" என்றார். எனக்குத் தலை குனிஞ்சு போச்சு.

டாக்டர் விளக்கினார். டெஸ்ட் பண்ணாம உறுதியா சொல்ல முடியாது, ஆனா இந்த மாதிரி காப்பி, ஜூஸ்களில் சிபுட்ரமின் என்ற மருந்தைக் கலந்து பிடிபட்டது நிறைய உண்டு என்றார். பசியை அடக்குற மருந்து அது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து இருப்பதால் 2010-ல் அமெரிக்கா, ஐரோப்பாவில் விற்பனையை நிறுத்தினாங்க. பெட்டியில் மூலிகை பேர் மட்டும் இருக்கும், இது இருக்காது.

நான் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். லாட் நம்பர் இல்லாத ஒரு பெட்டியைக்கூட வெளியே விடமாட்டேன், லைனையே நிறுத்திடுவேன். அன்னிக்கு அந்தக் காப்பிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செஞ்ச கம்பெனி முகவரி இல்லை, ஒரு கைப்பேசி எண் மட்டும்தான். இதை நான் என் ஜனங்களுக்கு அனுப்பியிருக்கேன்.

பிறகு நான் தெரிந்துகொண்டது:

1. மருந்து, சத்து மாத்திரை எதுவா இருந்தாலும் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும். எண்ணையும் போலியா அடிப்பாங்க. என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டிப் பாருங்க, பொருளின் பேர் ஒத்து வரணும்.

2. காப்பி, ஜூஸ் என்று விற்றால் அது உணவு. 'மால்' எண் கேட்க முடியாது. அதுதான் அவங்க தந்திரம்.

3. மெஸ்தி, ஹலால் முத்திரை இருந்தா உடம்பு இளைக்கும் என்று அர்த்தம் இல்லை. மெஸ்தி என்பது செய்யும் இடத்தின் சுத்தம், பாதுகாப்பு பற்றியது.

4. மருந்து விளம்பரத்துக்கு 1956 சட்டப்படி அனுமதி வேணும். கே.கே.எல்.ஐ.யு. எண் விளம்பரத்திலேயே இருக்கும்.

அக்கா இப்ப பரவாயில்லை, பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க. அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன். "விடுப்பா, நீயும் தெரியாமத்தானே போட்டே" என்றாங்க. அது இன்னும் வலிக்குது.

என் மெசேஜைப் பார்த்து வேற யாராவது வாங்கியிருந்தா, தயவுசெய்து இன்னிக்கே நிறுத்துங்க. பெட்டியோட கிளினிக்குக்குப் போங்க. என்கிட்ட சொல்ல வெட்கப்பட வேண்டாம், வெட்கப்பட வேண்டியது நான்தான். துணைக்கு ஆள் இல்லைன்னா நானே கூட்டிட்டுப் போறேன்.

இனி நம்ம குழுவில் மருந்து விளம்பரம் வேண்டாம். கோயில் பேரைப் பார்த்து நம்புறவங்களை நாமே ஏமாற்றக் கூடாது.

முருகா சரணம்.